புவித்தட்டு எல்லைகளும் அவை உருவாக்கும் நிலவடிவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடநூல்களில் தட்டு எல்லைகள் மூன்று பெட்டிகளில் அடைக்கப்பட்டிருக்கும்: விலகுவது, மோதுவது, உரசிச் செல்வது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மலை, ஒரு பள்ளம் என்று பட்டியல். இதை அப்படியே மனப்பாடம் செய்தவர்கள்தான் "விலகும் இடத்தில் மலை எப்படி வந்தது?", "இமயமலையில் எரிமலை ஏன் இல்லை?" என்று பிறகு திணறுகிறார்கள். நகரும் திசையோடு மேலோட்டின் வகை, அதன் வயது, நகரும் வேகம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை அவிழ்ந்துவிடும்.

புவித்தட்டும் கண்டமும் ஒன்றுதானா?

இல்லை. தட்டு என்பது மேலோடும் (புவியின் மேற்புறப் பாறை ஓடு), அதன் அடியில் ஒட்டியிருக்கும் கவசத்தின் (மேலோட்டுக்குக் கீழுள்ள தடித்த பாறை அடுக்கு) விறைப்பான மேற்பகுதியும் சேர்ந்தது. இரண்டுக்கும் பொதுப்பெயர் பாறைக்கோளம். ஒரே தட்டின்மேல் கண்டமும் இருக்கலாம், கடலடியும் இருக்கலாம். தென் அமெரிக்கத் தட்டு அட்லாண்டிக் பெருங்கடலின் நடுப்பகுதிவரை நீள்கிறது. அந்தக் கண்டத்தின் கிழக்குக் கடற்கரை தட்டின் எல்லை அல்ல. பசிபிக் தட்டோ ஏறக்குறைய முழுவதும் கடலடிதான்.

சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். கடலடி மேலோடு பசால்ட் வகைப் பாறை. தடிமன் 6 முதல் 7 கி.மீ., அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 3 கிராம். கண்ட மேலோடு பெரும்பாலும் கிரானைட்டை ஒத்த பாறை. தடிமன் சராசரியாக 35 முதல் 40 கி.மீ., அடர்த்தி சுமார் 2.7. அடியிலுள்ள கவசத்தின் அடர்த்தி சுமார் 3.3. தட்டின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 100 கி.மீ.; பழைய கண்டங்களின் அடியில் இதைவிட அதிகம், தட்டுகள் விலகும் இடத்தில் கடலடியில் நீளும் மலைத்தொடரான நடுக்கடல் முகட்டின் உச்சியில் மிகக் குறைவு.

தட்டுகள் பாறைக்குழம்பின்மேல் மிதக்கின்றனவா?

இது மிகப் பரவலான தவறு. தட்டுக்கு அடியில் இருப்பது குழம்புக் கடல் அல்ல, திடப்பாறை. அந்தத் திடப்பாறை தன் உருகுநிலைக்கு நெருக்கமான வெப்பத்தில் இருப்பதால் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நெளிந்து ஓடுகிறது. மிகச் சிறு பகுதி உருகியிருக்கலாம், அவ்வளவுதான். நிலநடுக்க அலைகளில் திரவத்தின் வழியே போக முடியாத வகை ஒன்று உண்டு. அதுவும் கவசத்தைத் தாண்டிச் செல்கிறது. அங்கே குழம்புக் கடல் இருந்திருந்தால் அந்த அலை நின்றுபோயிருக்கும்.

அடுப்பில் கொதிக்கும் நீரின் சுழற்சி தட்டைச் சுமந்து செல்கிறது என்ற படமும் பாதிதான் சரி. தட்டுகளை நகர்த்தும் முதன்மையான விசை, குளிர்ந்து கனத்த தட்டு கவசத்துக்குள் மூழ்கும்போது தன் பின்பகுதியை இழுப்பது. விளிம்பில் நீண்ட பகுதி மூழ்கிக்கொண்டிருக்கும் பசிபிக், தென் அமெரிக்காவுக்கு மேற்கே கடலடியிலுள்ள நாஸ்கா போன்ற தட்டுகள் வேகமாக நகர்வதும், அப்படி எதுவும் பெரிதாக மூழ்காத ஆப்பிரிக்க, யூரேசியத் தட்டுகள் மெதுவாக நகர்வதும் இதற்குச் சான்று.

எல்லையை எந்த அடிப்படையில் வகை பிரிக்கிறோம்?

இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று சார்ந்து எப்படி நகர்கின்றன என்பதை வைத்து. இந்தச் "சார்ந்து" என்ற சொல்லை விட்டுவிட்டால் கணக்கு தப்பும். இரண்டு தட்டுகளும் வடக்கு நோக்கியே போகலாம்; முன்னால் போவது வேகமாகப் போனால் நடுவில் இடைவெளி விழும், அது விலகும் எல்லை. பின்னால் வருவது வேகமாக வந்தால் மோதும் எல்லை. இந்தியத் தட்டும் யூரேசியத் தட்டும் நேருக்கு நேர் வந்து முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்று மற்றதை எட்டிப் பிடித்தாலே போதும்.

இன்னொன்று: சுத்தமாக ஒரே வகையில் நகரும் எல்லை அரிது. நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவு உரசிச் செல்லும் எல்லை என்றுதான் பெயர். ஆனால் கொஞ்சம் நெருக்கமும் சேர்ந்திருப்பதால் அதன் ஓரத்தில் 3,724 மீட்டர் உயர ஆவோராக்கி சிகரம் எழுந்து நிற்கிறது.

விலகும் இடத்தில் பள்ளம்தானே வர வேண்டும்? நடுக்கடலில் மலைத்தொடர் எப்படி வந்தது?

நல்ல கேள்வி. விடை வெப்பத்தில் இருக்கிறது.

தட்டுகள் விலகும்போது அடியிலிருந்து கவசப் பாறை மேலே எழுகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் தாழ்கிறது. கூடுதலாக வெப்பம் எதுவும் கொடுக்காமலே பாறையின் ஒரு பகுதி உருகிவிடுகிறது. அந்தக் குழம்புதான் புதிய கடலடி மேலோடாக இறுகுகிறது. புதிதாகப் பிறந்த தட்டு சூடாக இருப்பதால் விரிந்து உயர்ந்து நிற்கிறது. வயதாக ஆக முகட்டிலிருந்து விலகிக் குளிர்ந்து, சுருங்கி, தாழ்கிறது. ஆக, முகடு என்பது மடிந்து எழுந்த மலை அல்ல. சூட்டால் உப்பிய மேடு.

இதைக் கணக்காகவே போடலாம். முகட்டின் உச்சி சராசரியாக 2,500 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடலடியின் வயதைப் பத்து இலட்சம் ஆண்டு அலகில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 350 ஆல் பெருக்கி, 2,500 உடன் கூட்டினால் ஆழம் கிடைக்கும். 2.5 கோடி ஆண்டு வயதுள்ள கடலடி என்றால் 25 இன் வர்க்கமூலம் 5; 5 × 350 = 1,750; ஆழம் 4,250 மீட்டர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள்வரை இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். அதற்குப் பிறகு தாழ்வு மந்தமாகிவிடுவதால் சூத்திரம் காட்டும் அளவுக்கு ஆழம் இருக்காது.

விலகும் வேகம் முகட்டின் தோற்றத்தையே மாற்றிவிடும். நடு அட்லாண்டிக் முகடு ஆண்டுக்கு 2 முதல் 2.5 செ.மீ. மட்டுமே விலகுகிறது. குழம்பு வரத்து குறைவு என்பதால் உச்சியில் 1 முதல் 3 கி.மீ. ஆழப் பிளவுப் பள்ளத்தாக்கு உண்டு. இருபுறமும் கரடுமுரடான சரிவுகள். கிழக்குப் பசிபிக் முகட்டில் சில இடங்களில் வேகம் 15 செ.மீ.யை ஒட்டியிருக்கிறது. அங்கே பள்ளத்தாக்குக்குப் பதில் மழமழப்பான சிறு மேடு. எனவே "நடுக்கடல் முகட்டின் உச்சியில் பள்ளத்தாக்கு இருக்கும்" என்று பொதுவாக எழுதினால் அது பாதி உண்மைதான்.

முகட்டில் வெளியேறும் லாவா குளிர்ந்த நீரில் பட்டவுடன் மேற்புறம் இறுகி, உள்ளிருந்து பிதுங்கித் தலையணை வடிவில் குவியும். பிளவுகளில் இறங்கும் கடல்நீர் சூடேறித் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு, 350 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கரும்புகை போலப் பீறிடும் ஊற்றுகளும் இங்கே உண்டு. அவ்வளவு சூட்டிலும் நீர் கொதித்து ஆவியாகாததற்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கடல்.

ஐஸ்லாந்து மட்டும் ஏன் கடலுக்கு மேலே தலைகாட்டுகிறது?

அங்கே முகடும் வெப்பப்புள்ளியும் (ஆழத்திலிருந்து சூடான பாறை எழும் இடம்) ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. குழம்பு வரத்து இரட்டிப்பாகி மேலோடு வழக்கத்தைவிடப் பலமடங்கு தடித்து நிற்கிறது. வெப்பப்புள்ளி இல்லாமல் முகடு மட்டும் இருந்திருந்தால் அந்த இடமும் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில்தான் கிடந்திருக்கும்.

கடலடியில் இல்லாமல் கண்டத்தின் நடுவே விலகல் தொடங்கினால் என்ன ஆகும்?

கண்டம் சட்டென்று உடையாது; இழுபட்டு மெலியும். முதலில் அகன்ற பகுதி ஒன்று மேலெழும். பிறகு ஏறத்தாழ 60 டிகிரி சாய்வில் பிளவுகள் விழுந்து, நடுத்துண்டு சரிந்து இறங்கும். இருபுறமும் செங்குத்துச் சுவர்கள் நிற்கும். பள்ளத்தின் தரையில் ஏரிகள் நீளவாக்கில் தேங்கும், ஓரங்களில் எரிமலைகள் எழும்.

கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு இந்த நிலையில் இருக்கிறது. 1,470 மீட்டர் ஆழ டாங்கனிக்கா ஏரியும் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோவும் இந்த ஒரே இழுவிசையின் விளைவுகள். அடுத்த கட்டம் செங்கடல்: கண்டம் முழுதாகப் பிரிந்து, நடுவில் புதிய கடலடி பிறக்கத் தொடங்கிவிட்டது. அதற்கும் அடுத்த கட்டம் அட்லாண்டிக். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பெருங்கடலின் வளர்ச்சி கண்முன் தெரியும்.

பிளவு மெதுவாகத் திறக்கிறது என்றால் நாள்தோறும் சிறிது சிறிதாக என்று பொருள் அல்ல. 2005 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் சுமார் 60 கி.மீ. நீளத்துக்குக் குழம்பு உள்ளே புகுந்து, சில இடங்களில் 8 மீட்டர்வரை நிலத்தை அகற்றியது. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இழுவிசை சில வாரங்களில் தீர்ந்தது.

எல்லாப் பிளவும் கடலாகும் என்றும் நினைக்க வேண்டாம். மூன்று கிளைகளாகப் பிளவு விழும் இடங்களில் பெரும்பாலும் இரண்டு கிளைகள் வெல்லும், ஒன்று நின்றுபோகும். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரிந்தபோது நின்றுபோன கிளைதான் நைஜீரியாவின் பெனுவே பள்ளம்.

இரண்டு தட்டுகள் நெருங்கும்போது எது கீழே போகும்?

அடர்த்தி அதிகமானது. கடலடியும் கண்டமும் சந்தித்தால் கடலடிதான் அமிழும். இதில் ஐயமே இல்லை. இரண்டும் கடலடி என்றால் பழையது கீழே போகும், ஏனென்றால் அது அதிகம் குளிர்ந்து கனத்திருக்கும். இரண்டும் கண்டம் என்றால் எதுவும் எளிதில் மூழ்காது: 2.7 அடர்த்தியுள்ள பொருளை 3.3 அடர்த்தியுள்ள கவசத்துக்குள் அமுக்குவது மரக்கட்டையைத் தண்ணீருக்குள் அமுக்குவது போலத்தான்.

இதனால்தான் கடலடியில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறையைக் காண்பது அரிது. பிறந்தது எல்லாம் திரும்ப விழுங்கப்பட்டுவிடுகிறது. கண்டங்களிலோ 400 கோடி ஆண்டுப் பாறைகூட உண்டு.

எரிமலைகள் அகழியை (தட்டு அமிழும் இடத்தில் கடலடியில் விழும் ஆழ்பள்ளம்) ஒட்டி இல்லாமல் ஏன் தள்ளி நிற்கின்றன?

அமிழும் தட்டு உருகி எரிமலையாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது தவறு. அமிழும் தட்டு குளிர்ந்தது. சுற்றியுள்ள கவசத்தைவிடக் குளிர்ந்தது. அது செய்வது வேறு வேலை: கடலடியில் இருந்தபோது தன் தாதுக்களில் கட்டுண்ட நீரைக் கீழே கொண்டுபோகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நீர் மேலேயுள்ள சூடான கவசத்தில் கலந்ததும் அதன் உருகுநிலை சரிகிறது. உருகுவது மேலிருக்கும் கவசம்.

எனவே தட்டு 100 கி.மீ. ஆழத்தை எட்டும் இடத்துக்கு நேர்மேலேதான் எரிமலை வரிசை எழும். சாய்வு 45 டிகிரி என்றால் அகழியிலிருந்து 100 கி.மீ. தொலைவு, 30 டிகிரி என்றால் 173 கி.மீ. தட்டு தொடக்கத்தில் சாய்வு குறைவாக இறங்கிப் பிறகே செங்குத்தாவதால், நிலப்படத்தில் அளந்தால் இதைவிடச் சற்று அதிகமாகவே வரும். சாய்வு மிகக் குறைந்து தட்டு ஏறக்குறையக் கிடைமட்டமாகப் போனால், மேலே உருகுவதற்குச் சூடான கவசம் மிஞ்சுவதில்லை. ஆண்டிஸ் மலைத்தொடரில் பெருவிலும் நடுச் சிலியிலும் எரிமலையே இல்லாத நீண்ட இடைவெளிகள் இருப்பது இதனால்தான்.

இந்தக் குழம்பில் நீர் அதிகம், சிலிக்காவும் அதிகம். பிசுபிசுப்பாக இருப்பதால் வாயு எளிதில் தப்பாது, அடைபட்டு வெடிக்கும். ஐஸ்லாந்தின் லாவா ஆறாக ஓடுவதும், அமிழும் எல்லையின் எரிமலைகள் சாம்பலைக் கக்கி வெடிப்பதும் இந்த வேறுபாட்டால்.

அமிழும் எல்லையில் வேறு என்ன நிலவடிவங்கள் உண்டு?

கடல் பக்கத்திலிருந்து நிலத்தை நோக்கி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அகழி. மரியானா அகழி ஏறத்தாழ 10,900 மீட்டர், பெரு-சிலி அகழி சுமார் 8,000 மீட்டர். அகழியின் ஆழத்தை அதில் கொட்டும் மண்ணும் தீர்மானிக்கிறது: பெரிய ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டினால் அகழி நிரம்பி, நிலப்படத்தில் அகழி என்றே தெரியாமல் போய்விடும்.

அடுத்து, அமிழும் தட்டின்மேல் படிந்திருந்த வண்டலை மேல்தட்டின் விளிம்பு சுரண்டிக் குவித்த ஆப்பு வடிவ மேடு. அது உயர்ந்து கடலுக்கு மேலே வந்தால் தீவாகும். அந்தமான் நிக்கோபார் தீவுகளும் கரீபியனின் பார்படோஸும் அப்படி வந்தவை. அந்தமானின் முதன்மைத் தீவுகள் எரிமலைத் தீவுகள் என்று சில இடங்களில் எழுதப்படுவது தவறு. அவற்றுக்குக் கிழக்கே தனியாக நிற்கும் பாரன் தீவும் நார்கொண்டமும்தான் எரிமலைகள். அகழி மேற்கே, எரிமலை கிழக்கே. தட்டு கிழக்கு நோக்கி அமிழ்கிறது என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

மூன்றாவது எரிமலை வரிசை. மேல்தட்டு கடலடி என்றால் வில் போல் வளைந்த தீவுக்கூட்டம்: மரியானா, டோங்கா, அலூசியன். மேல்தட்டு கண்டம் என்றால் எரிமலைகள் முளைத்த உயர்ந்த மலைத்தொடர்: சுமார் 7,000 கி.மீ. நீள ஆண்டிஸ். அதற்கும் பின்னால் சில இடங்களில் மேல்தட்டு இழுபட்டுப் புதிய கடல் திறக்கும். நெருங்கும் எல்லைக்குப் பின்புறம் விலகல் நடப்பது முரணாகத் தோன்றலாம். ஜப்பான் கடல் திறந்தது அப்படித்தான்.

இமயமலையில் எரிமலை ஏன் இல்லை?

நீரைக் கீழே கொண்டுபோகக் கடலடித் தட்டு இப்போது அங்கே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெத்திஸ் கடலின் அடித்தளம் வடக்கு நோக்கி அமிழ்ந்துகொண்டிருந்தபோது, ஆசியாவின் தென்விளிம்பில் ஆண்டிஸ் போன்ற எரிமலை வரிசை இருந்தது. அந்த எரிமலைகளின் அடியில் இறுகிய கிரானைட் வகைப் பாறைகள் இன்று லடாக்கில் வெளிப்பட்டு நிற்கின்றன.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி தீர்ந்து, கண்டமும் கண்டமும் முட்டின. நீர் வரத்து நின்றது. மேலோடும் தடித்தது: திபெத்துக்கு அடியில் 70 கி.மீ. வரை. தடித்த மேலோட்டின் ஆழத்தில் பாறை ஓரளவு உருகவே செய்தது. ஆனால் அந்தப் பிசுபிசுத்த குழம்பு அத்தனை தடிமனைத் தாண்டி மேலே வராமல் உள்ளேயே கிரானைட்டாக இறுகிவிட்டது.

8,848.86 மீட்டர் உயர எவரெஸ்ட்டின் உச்சியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை. சிந்து–சாங்போ பள்ளத்தாக்கு நெடுகிலும் பழைய கடலடியின் துண்டுகள் சிக்கிக் கிடக்கின்றன. இரண்டு கண்டங்களுக்கும் இடையே போட்ட தையல் அதுதான்.

இமயமலை ஆண்டுக்கு எவ்வளவு உயர்கிறது?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. இந்தியா யூரேசியாவை நோக்கி ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. நகர்கிறது, அதில் சுமார் 2 செ.மீ. இமயமலையில் அடங்குகிறது, மீதி திபெத்திலும் அதற்கு அப்பாலும். நெருக்கம் கிடைத்திசையில் நடப்பது. உயர்வு அதில் சில மில்லிமீட்டர்தான். அதிலும் ஒரு பகுதியை ஆறும் பனியாறும் அரித்துவிடுகின்றன. மேலும் உயர்வு எங்கும் சீராக இல்லை: 2015 இல் நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது காத்மாண்டுப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது, வடக்கேயுள்ள உயர்மலைப் பகுதி தாழ்ந்தது.

உரசிச் செல்லும் எல்லையில் நிலவடிவமே உருவாகாது என்கிறார்களே?

மேலோடு புதிதாகப் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை என்பதுதான் உண்மை. நிலவடிவங்கள் ஏராளம், அளவில் சிறியவை. பிளவைக் கடக்கும் ஓடைகள் பக்கவாட்டில் ஒடிந்து ஓடும். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் வாலஸ் ஓடை சுமார் 130 மீட்டர் இடம்பெயர்ந்து, பிளவு நெடுகிலும் ஓடிவிட்டுத்தான் மறுபுறம் தன் வழியில் திரும்புகிறது. அந்த இடப்பெயர்வுக்கு ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் ஆயின. வகுத்தால் ஆண்டுக்கு 35 மி.மீ.

பிளவு நேர்கோடாக இல்லாமல் வளையும் இடங்களில்தான் பெரிய வடிவங்கள். வளைவில் இரு பக்கமும் விலகினால் நிலம் இறங்கிப் பள்ளமாகும்: கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடல் இப்படி உருவான குழி. நெருங்கினால் மேடு எழும்: லாஸ் ஏஞ்சலீசுக்கு வடக்கே குறுக்காக நிற்கும் மலைகள். எரிமலை மட்டும் பொதுவாக இருக்காது.

நடுக்கடல் முகடு துண்டு துண்டாக விலகி நிற்கும் படத்தில் அம்புக்குறியை எப்படி இடுவது?

தேர்வுகளில் அதிகம் தப்பும் இடம் இது. முகடு வடக்கு–தெற்காக ஓடுகிறது, அதன் தெற்குத் துண்டு 100 கி.மீ. கிழக்கே தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் "தெற்குப் பகுதி கிழக்கே நகர்ந்துவிட்டது" என்று தோன்றும். அம்பையும் அப்படியே போடுவார்கள். தவறு.

முறையாகச் செய்ய, முதலில் ஒவ்வொரு முகட்டுத் துண்டிலிருந்தும் இரு பக்கமும் வெளிநோக்கி அம்பு போடுங்கள். இப்போது இரண்டு துண்டுகளுக்கும் இடையிலுள்ள அந்த 100 கி.மீ. நீளக் கோட்டைப் பாருங்கள். கோட்டுக்கு வடக்கே உள்ள நிலம் வடக்குத் துண்டின் கிழக்குப் பக்கம். அது கிழக்கே போகிறது. கோட்டுக்குத் தெற்கே உள்ள நிலம் தெற்குத் துண்டின் மேற்குப் பக்கம். அது மேற்கே போகிறது. கண்ணுக்குத் தோன்றியதற்கு நேர் எதிர்!

கோட்டை 100 கி.மீ.க்கு வெளியே நீட்டினால் இரு பக்கமும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்கின்றன. அங்கே உரசல் இல்லை, எனவே நிலநடுக்கமும் பெரும்பாலும் இல்லை. வயது வேறுபாட்டால் வரும் உயர வேறுபாடு மட்டும் ஒரு வடு போலத் தொடரும். இப்படி ஒரு வகைப் பிளவு இருக்க வேண்டும் என்று 1965 இல் கனடாவின் புவியியற்பியலாளர் டூசோ வில்சன் சொன்னார். 1967 இல் அமெரிக்க நிலநடுக்கவியலாளர் லின் சைக்ஸ் நடுக்கடல் நிலநடுக்கங்களின் நகர்வுத் திசையை ஆராய்ந்தபோது அது அப்படியே பொருந்தியது.

கலிபோர்னியா உடைந்து கடலில் விழுந்துவிடுமா?

விழாது. நகர்வு பக்கவாட்டில், லாஸ் ஏஞ்சலீஸ் வடமேற்கே போகிறது. இன்றைய வேகத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பக்கத்தில் வந்து நிற்க ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

நிலநடுக்க விவரங்களை வைத்து எல்லையின் வகையை எப்படிக் கண்டறிவது?

குவிமையத்தின் (நிலத்தடியில் நிலநடுக்கம் தொடங்கும் புள்ளி) ஆழத்தில் தொடங்குங்கள். நிலநடுக்கங்கள் எல்லாமே 20 கி.மீ.க்குள், ஒடுங்கிய கோட்டில் விழுந்தால் அது நடுக்கடல் முகடு அல்லது உரசும் எல்லை. கோட்டிலிருந்து ஒரு பக்கமாகப் போகப் போக ஆழம் கூடி 300, 600, கடைசியாக 700 கி.மீ. வரை இறங்கினால் ஐயமின்றி அமிழும் எல்லை. ஆழம் கூடும் திசைதான் தட்டு இறங்கும் திசை. அகன்ற பரப்பில், பெரும்பாலும் 70 கி.மீ.க்குள் சிதறிக் கிடந்தால் கண்டங்களின் மோதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முகட்டையும் உரசும் எல்லையையும் ஆழம் மட்டும் பிரித்துக் காட்டாது. அதற்குப் பிளவின் நகர்வு வகையைப் பார்க்க வேண்டும்: இழுபட்டுச் சரிந்ததா, பக்கவாட்டில் நழுவியதா? எரிமலை இருக்கிறதா என்பதும் உதவும். நிலப்படத்தில் கோடு போடும்போது ஒரே ஆண்டின் தரவை நம்ப வேண்டாம். ஒரு பெரிய நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகள் படத்தையே சாய்த்துவிடும். குறைந்தது பத்து ஆண்டுத் தரவாவது வேண்டும்.

மிகப் பெரிய நிலநடுக்கங்கள் ஏன் அமிழும் எல்லையிலேயே வருகின்றன?

நழுவும் பரப்பு பெரியது என்பதால். உரசும் எல்லையில் பிளவு செங்குத்து. 15, 20 கி.மீ. இறங்கினாலே பாறை சூடேறி உடையாமல் நெளியத் தொடங்கிவிடும். அமிழும் எல்லையில் தொடுபரப்பு சாய்வாகக் கிடக்கிறது. குளிர்ந்த தட்டு இறங்குவதால் உடையும் தன்மையும் ஆழம்வரை நீள்கிறது. அகலம் நூறு கி.மீ.யைத் தாண்டும். 1960 இல் சிலியில் 9.5, 1964 இல் அலாஸ்காவில் 9.2, 2004 இல் சுமத்ராவில் 9.1: எல்லாம் இந்த வகை. 2004 இல் பிளந்த நீளம் மட்டும் சுமார் 1,300 கி.மீ.

இடைப்பட்ட காலத்தில் மேல்தட்டின் விளிம்பு பூட்டப்பட்டுக் கீழே இழுபடுகிறது. சற்று உள்ளே நிலம் உப்புகிறது. பூட்டு உடைந்ததும் விளிம்பு துள்ளி எழும், உப்பியது தாழும். 2004 இல் வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளத்திட்டுகள் நீருக்கு மேலே வந்து காய்ந்தன. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடி கடலில் நின்றது. கடலடி இப்படிச் செங்குத்தாகத் துள்ளும்போதுதான் சுனாமி. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம் வந்தும் பெரிய அலை எழவில்லை. நகர்வு பக்கவாட்டில் நடந்தது.

2012 நிலநடுக்கம் எந்த எல்லையில் வந்தது?

கூர்மையான எந்த எல்லையிலும் இல்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டு என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மையில் இரண்டும் சற்றே வேறு திசைகளில் நகர்கின்றன. நடுவில் உள்ள இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் அகன்ற பரப்பில் நசுங்கி உடைகிறது. இப்படிக் கோடு போட முடியாத எல்லைகளும் உண்டு. பெருந்தட்டுகள் 7 என்று ஒரு நூலிலும் 8 என்று இன்னொன்றிலும் பார்த்துக் குழம்பியிருந்தால் காரணம் இதுதான்: இந்திய-ஆஸ்திரேலியத் தட்டை ஒன்றாக எண்ணியிருக்கிறார்களா, இரண்டாகவா என்று பாருங்கள்.

ஹவாய் எந்த எல்லையில் இருக்கிறது?

எந்த எல்லையிலும் இல்லை. பசிபிக் தட்டின் நடுவில். ஆழத்திலிருந்து எழும் சூடான பாறைத்தூணின்மேல் தட்டு நகர்வதால் எரிமலைகள் வரிசையாகப் பிறக்கின்றன. இந்த வரிசை தட்டின் வேகத்தை அளக்க உதவும். கவாயி தீவு இன்று குமுறும் கிலாவேயாவிலிருந்து சுமார் 500 கி.மீ. தொலைவில் இருக்கிறது, வயது சுமார் 50 இலட்சம் ஆண்டு. பத்து இலட்சம் ஆண்டுக்கு 100 கி.மீ., அதாவது ஆண்டுக்கு 10 செ.மீ.

பத்து இலட்சம் ஆண்டுக் கணக்கை ஆண்டுக் கணக்காக மாற்றுவது எப்படி?

பத்து இலட்சம் ஆண்டுக்கு 1 கி.மீ. என்பதும் ஆண்டுக்கு 1 மி.மீ. என்பதும் ஒன்றே. இது தெரிந்தால் கால்குலேட்டர் தேவையில்லை. முகட்டிலும் இதையே பயன்படுத்தலாம். புவியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழானது சுமார் 7.8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். முகட்டில் இறுகும் பாறை அப்போதைய காந்தத் திசையைப் பதிவுசெய்துகொள்ளும்; அந்த மாற்றத்தின் பதிவு முகட்டிலிருந்து ஒரு பக்கம் 7.8 கி.மீ. தொலைவில் கிடைத்தால் அந்தப் பக்க வேகம் ஆண்டுக்கு 10 மி.மீ. மறுபக்கமும் அதே அளவு விலகுவதால் மொத்தம் 20 மி.மீ. பாதி வேகத்தை முழு வேகம் என்று எழுதிவிடுவது இங்கே வழக்கமான பிழை. இன்றைய நகர்வை ஜிபிஎஸ் நிலையங்கள் நேரடியாகவே அளக்கின்றன. பல இலட்சம் ஆண்டுச் சராசரியும் அதுவும் பெரும்பாலான தட்டுகளில் ஒத்துப்போகின்றன.

எல்லைகள் என்றும் அதே இடத்தில், அதே வகையில் இருக்குமா?

இருக்காது. வட அமெரிக்காவின் மேற்குக் கரை முழுவதும் ஒரு காலத்தில் அமிழும் எல்லை. அங்கே விழுங்கப்பட்ட ஃபரலான் தட்டின் மிச்சங்கள்தான் இன்றைய குவான் டி ஃபூகா, கோகோஸ், நாஸ்கா தட்டுகள். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் முகடே அகழியைத் தொட்டபோது, அந்த இடத்தில் அமிழ்வதற்குத் தட்டு இல்லாமல் போயிற்று. எதிரெதிரே மிஞ்சிய பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் உரசத் தொடங்கின. சான் ஆண்ட்ரியாஸ் பிறந்தது. யூரல் மலைகளோ இதற்கு மறுகோடி: இரண்டு கண்டங்கள் மோதி எழுந்த அந்த மலைத்தொடர், எல்லை செத்து 25 கோடி ஆண்டுகள் கழிந்தபின் இன்று யூரேசியத் தட்டின் நடுவில் தேய்ந்து நிற்கிறது.